கையெழுத்துக்குரியவர்

கலியாணம் எழுதி ஐந்து மாதமாகியும் அந்த மனிதன் ஞானேஸ்வரியைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டான்.

"பிள்ளை, கதவைச் சாத்து. குளிர் வருகுது."

"பிள்ளை, நீ சாப்பிடாமல் எனக்கு ஏன் போடுறாய்?"

யாழ்ப்பாணத்துப் புருஷன்மார் பெண்சாதியை எப்படி எப்படியோ கூப்பிடுவார்கள். இஞ்சேர் என்பார்கள், கேட்டுதே என்பார்கள், கோபம் வந்தால் எடியே என்பார்கள். பிள்ளை என்று கூப்பிடுகிறவர் மாமனார். முதல் கிழமை அவள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள். மாரி வந்து, தண்டவாளத்தின் மேல் பனி விழுந்து கறுத்த பிறகும் அவன் நடுக் கூடத்து சோபாவிலேயே படுத்தான். அறைக்குள் வருவதென்றால் வாசலில் நின்று செருமிவிட்டு வந்தான். அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடத்தில் மேல்மாடி வீடு அது. ஒரு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. வடக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைக் கூரைகள். புகார் என்கிற மூடுபனி இறங்கிய நாட்களில் அதுவும் இல்லை, சாம்பல் நிறத் துணி ஒன்றை ஜன்னலில் கட்டிவிட்டது போலிருக்கும். ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்கும். எந்தப் பக்கமாகப் போகிறதென்று தெரியாது.

கலியாணத்தைப் பேசியது இரண்டு தாய்மார். படம் மாறி, சாதகம் பொருந்தி, எல்லாம் சரி என்று வந்தபோதுதான் மாப்பிள்ளைக்கு விபத்து. வேலை செய்த கிடங்கில் அடுக்கு சரிந்து இரும்புப் பெட்டி தலையில் விழுந்தது. வாரக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தான். பிறகு எழும்பினான். கைகால் சரி, பேச்சுச் சரி, வேலைக்குத்தான் இனிச் சரிவராது என்று டொக்டர்மார் எழுதிக்கொடுக்க, விபத்துக் காப்புறுதியிலிருந்து ஆயுள் முழுக்கப் பென்சன் என்று முடிவானது. ஞானேஸ்வரியின் தமையன் இதைக் கேட்டுவிட்டு, "கவுண்மேந்து உத்தியோகக்காரனுக்கும் அறுபதிலதானே பென்சன். இவருக்கு இருபத்தொன்பதில. இதைவிட என்ன வேணும்?" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சுவிஸுக்கு வெளிக்கிடுகிற அன்று மாமியார் யோகாம்பாள் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு சங்கதி சொன்னாள். மகன் நினைவில்லாமல் கிடந்த அதே கிழமையில்தான் தகப்பன் ராஜசிங்கம் செத்துப்போனார். தண்ணீர்ப் பம்பு திருத்துகிற மனிதர். ஒரு தோட்டக் கிணற்றடியில் குனிந்தவர் நிமிரவில்லை. "தலையில அடிபட்ட பிள்ளை. தாங்க மாட்டான். அவனாக் கேட்டால் நல்லா இருக்கிறார் எண்டு சொல்லு. நீயாச் சொல்லிப்போடாதை."

அவள் அந்தப் பொய்யை நன்றாகப் பாடமாக்கிக்கொண்டுதான் வந்தாள். அது தேவைப்படவில்லை. அவன் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு லோண்ட்ரியில் வேலை. நகரத்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும். ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை ஒரு யூகோஸ்லாவியாக்காரி பிடிப்பாள். இழுத்து உதறிச் சுடு உருளைக்குக் கொடுத்தால் மறுபக்கம் பலகை மாதிரி வரும். யார் யாரோ புருஷனும் பெண்சாதியுமாய்ப் படுத்தெழும்பிய விரிப்புகள். யூகோஸ்லாவியாக்காரி கண்ணைச் சிமிட்டி, "புது மாப்பிள்ளை நல்லவனோ?" என்று அரைகுறை ஜெர்மனில் கேட்பாள். நல்லவர் என்பாள் ஞானேஸ்வரி. அது பொய்யுமில்லை. அவள் வேலையால் வருமுன் சோறு வடித்து மூடி வைத்திருப்பான். நனைந்த சப்பாத்துக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்துச் சூடாக்கிக்குப் பக்கத்தில் வைப்பான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை முன்னால் இருந்து, ஊரில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் உவர், எது நல்ல தண்ணீர் என்று கதை சொல்வான். தகப்பனை இழந்த அவளுக்கு அது இதமாகக்கூட இருந்தது. அப்படி இருப்பதுதான் அவளைப் பயப்படுத்தியது.

வீட்டில் எது பழுதானாலும் அவனே திருத்தினான். சுடுதண்ணீர் ஓடுகிற இரும்புச் சூடாக்கி குளிர்ந்துபோனால் முழங்காலில் இருந்து இரும்பில் காதை வைத்துக் கேட்பான். "காத்து ஏறியிட்டுது பிள்ளை. தண்ணி எடுக்குதில்லை." ஒரு சின்னச் சாவியால் திருகுவான். அது நீண்ட மூச்சு ஒன்றை விட்டுவிட்டுத் தண்ணீரைத் துப்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவளுக்கு மயிர்க்கூச்செறியும்.

மாசி கடைசியில் வரித் தாள் வந்தது. அதை நிரப்பக் குகநாதன் வந்தான். சூரிச்சில் ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியில் வேலை, அவள் புருஷன் தவராஜாவோடு ஒரே அறையில் முன்பு இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களுக்குக் கடதாசி நிரப்பிக்கொடுப்பான். கூலி, ஒரு ஆட்டிறைச்சிக் கறியும் ஒரு பியரும்.

"பயப்பிடாதையும் தங்கச்சி. சங்கக்கடைக் கூப்பன் காட் நிரப்பினமாதிரி எண்டு நினைச்சுக்கொள்ளும்."

"அது அம்மாதான் நிரப்புறவ."

"அப்ப நான்தான் அம்மா. கறியில உப்பைப் பாரும்." கடதாசியை விரித்தான். "முந்தி இவன் வேலை செய்யேக்கை சம்பளத்திலயே வரியை வெட்டிப்போடுவாங்கள். இப்ப பென்சன்காரன். வெட்ட ஆளில்லை. அதால கடதாசி வீடு தேடி வருகுது. போன முறை தனி ஆள். இந்த முறை குடும்பம். உம்மட லோண்ட்ரிச் சம்பளத்தையும் இவன்ர பென்சனையும் ஒரு கூடையில போட்டுக் காட்டவேணும்."

"அப்ப கூடக் கட்டவேணுமோ அண்ணை?"

"கழிவும் இருக்கு. கலியாணம் கட்டினதுக்குக் கழிவு. வருத்தக்காரனுக்குக் கழிவு. பிள்ளையளுக்குக் கழிவு." பேனையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "பிள்ளை இல்லை எண்டு போடட்டே? இல்லாட்டி ஏதும் வழியில வருகுதோ?"

அவள் சட்டியைக் கிளறினாள்.

"கேட்டது பிழையெண்டால் விடும்."

"இல்லை எண்டு போடுங்கோ."

தவராஜா ஜன்னலோரக் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான். சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு நக்கி, ஒரு முடறு குடித்தான். குகநாதன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மச்சான், எப்ப தொடக்கம் உந்தப் பழக்கம்? நாலு கரண்டி சீனியைக் கரைச்சுக் குடிக்கிறவனெல்லோ நீ?"

"வாய் ருசிதானே தம்பி."

"தம்பியோ? டேய், உன்னைவிட நான் ரெண்டு வயசு மூப்படா!"

அவன், வயதுபோனவர்கள் இளம்பிள்ளைகளின் துடுக்குத்தனத்தைப் பொறுத்துக்கொள்கிற மாதிரி லேசாகச் சிரித்தான்.

"சரி, வந்து கையெழுத்தைப் போடு. பசிக்குது."

அவன் கடதாசியை வாங்கிக் கையை முழுதாக நீட்டித் தூரப்பிடித்து வாசித்தான். பிறகு மேசையில் வைத்தான்.

"இது பிழை."

"என்ன பிழை? நான் மூண்டு வருசமா நிரப்புறன்."

"பேர் சரி. பக்கத்தில கிடக்கிறதுதான் பிழை. இந்தப் பிள்ளையை என்ர பெண்சாதி எண்டு எழுதியிருக்கு."

"பின்ன, என்ர பெண்சாதி எண்டு எழுதவோ?"

"உந்தப் பகிடி எனக்குப் பிடிக்காது. என்ர பெண்சாதி ஊரில இருக்கிறாள். யோகம் எண்டு கேட்டால் ஊருக்கே தெரியும். கண்டபடி எழுதி ஒரு குமர்ப்பிள்ளையின்ர பேரைக் கெடுக்காதை."

எழும்பிப் போய்ச் சோபாவில் கால் மடித்து இருந்துகொண்டான். குகநாதன் கறியையும் சாப்பிடாமல் எழும்பினான். வழியனுப்ப வந்தவளிடம் படிக்கட்டில் நின்றுதான் வாய் திறந்தான்.

"யோகம் எண்டது தாய்ன்ர பேர் தங்கச்சி."

"தெரியும் அண்ணை."

"எனக்கு உவன்ர முகத்தைப் பாக்கப் பயமா இருந்தது. உவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது. சூடாக்கியைத் திருத்துறானாம், கீழ இருக்கிற கிழவன் சொல்லுறான். டொக்டரிட்டைச் சொன்னீரோ?"

"சொன்னன். தலையில அடிபட்டால் குணம் மாறுமாம். பொறுமையா இருக்கட்டுமாம்."

"ம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரியில கிடக்கேக்கை நான் ஒவ்வொரு நாளும் போறனான். நேர்ஸ்மார் காதுக்குள்ள குனிஞ்சு கூப்பிடுவாளவை. ஹெர் ராஜசிங்கம், ஹெர் ராஜசிங்கம் எண்டு. காலமை, மத்தியானம், பின்னேரம். ஐயர் மந்திரம் சொன்னமாதிரி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நினைவு திரும்புமாம். ஒருநாள் கண்ணைத் திறந்து ஓம் எண்டான். நாங்கள் எல்லாரும் சந்தோசப்பட்டம்."

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இங்கே அதே கதிதான். ஊரில் பெயருக்கு முன்னால் நிற்பது தகப்பன் பெயர். இந்த நாட்டுக் கடதாசியில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்க, அதற்குள் தகப்பனைத் தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து மகனை 'ஹெர்', திருவாளர், என்று மரியாதை சேர்த்துத் தகப்பன் பெயரால் கூப்பிட்டார்கள். கலியாணம் எழுதியபோது ஞானேஸ்வரியும் மாமனாரின் பெயருக்கு மனைவியானாள். மாமனாரின் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், தபால்காரனிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கடிதம் வாங்கினாள்.

தவணைக்கு மேல் தவணை கேட்டும் கையெழுத்து விழவில்லை. கடைசியில் வரிக் கந்தோரிலிருந்து இரண்டு பேரையும் நேரில் வரச்சொன்னார்கள். குகநாதன் மத்தியான ஓய்வில் கூடவந்தான்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பொல்லாதவளில்லை. நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. "ஹெர் ராஜசிங்கம்," என்று கூப்பிட்டாள். அவன் சட்டென்று எழும்பி வேட்டியைச் சரிசெய்வதுபோல் இடுப்பைத் தொட்டுக்கொண்டு முன்னால் போனான். வேட்டியில்லை, நீளக் களிசான்தான் போட்டிருந்தான்.

ஏன் கையெழுத்திடவில்லை என்று கேட்டாள். அவன் நின்ற நிலையில், கிடங்கில் நாக்குப் பழகிய, பிழையில்லாத ஜெர்மனில், "இவள் என் மனைவி இல்லை. என் மகனுடைய மனைவி," என்றான்.

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு ஞானேஸ்வரியைப் பார்த்தாள். பிறகு குகநாதனைப் பார்த்தாள். பிறகு நெடுநேரம், மெதுவாகப் பேசினாள். குகநாதனின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"என்னவாம் அண்ணை?"

"வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுக் கொண்டுவந்து இவவின்ர கையில குடுக்கவேணுமாம். இல்லாட்டி ரெண்டு இடத்துக்கு எழுதவேண்டி வருமாம். ஒண்டு, தன்ர காரியத்தைத் தானே பாக்க ஏலாத ஆக்களுக்குப் பொறுப்பாளர் வைக்கிற கந்தோர். வைச்சாங்களெண்டால் பென்சன் அவங்களிட்டை. இவனை எங்கை வைச்சிருக்கிறதெண்டும் அவங்கள்தான் சொல்லுவாங்கள்."

"மற்றது?"

"வெளிநாட்டார் பொலிஸ். புருஷனே இவள் என்ர மனிசி இல்லை எண்டால், அந்தக் கலியாணம் விசாவுக்குக் கட்டின கலியாணமோ எண்டு பாப்பாங்களாம். உம்மைத் திருப்பி அனுப்புவாங்கள் தங்கச்சி."

எங்கே அனுப்புவார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஆமிக்காரர் முகாம் போட்டிருக்கிறார்கள் என்று தமையன் எழுதியிருந்தான். வெளியே வந்ததும் தவராஜா, "பிள்ளை, அந்த மனிசிக்கு நான் விளங்கப்படுத்திப்போட்டன். நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றான்.

வெள்ளிக்கிழமை அவள் தலையிடி என்று பொய் சொல்லிவிட்டு வேலையால் நேரத்தோடு வந்தாள். பகல்தான், ஆனால் புகாரில் வீடு பொழுதுபட்டது போலக் கிடந்தது. அவன் சூடாக்கிக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். கீழே பழம் சட்டி ஒன்றில் கறுத்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

திரும்பவில்லை. அந்தச் சொல்லுக்கு அவன் ஒருநாளும் திரும்பியதில்லை. அவள் கடதாசியை மேசையில் அறைந்தாள். இத்தனை மாதமும் தொண்டைக்குள் அடக்கிவைத்தது அப்படியே வெளியே வந்தது.

"உங்கட அப்பா செத்திட்டார். நீங்கள் ஆஸ்பத்திரியில கிடந்த கிழமையே செத்திட்டார். மாமி சொல்லவேண்டாம் எண்டவ. நான் சொல்லுறன். எரிச்சுச் சாம்பலும் கரைச்சாச்சு. இனியெண்டாலும் இந்த விளையாட்டை விடுங்கோ."

அவன் திருகைப் பூட்டினான். துணியில் கையைத் துடைத்தான், ஒவ்வொரு விரலாக.

"ஓம் பிள்ளை. தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லுறது? நான்தானே செத்தது."

பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்கிற மாதிரித்தான் அவர் சொன்னார்.  டொக்டர் சொன்னது, குகநாதன் சொன்னது எல்லாம் தலைக்குள் ஓடி நின்றன. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய வாய் தன்பாட்டில், "மாமா," என்றது.

அவர் உடனே திரும்பினார். "சொல்லு பிள்ளை."

"ஏன் வந்தனீங்கள்?"

"நான் எங்கை வந்தன்? கிணத்தடியில குனிஞ்சன், நெஞ்சில ஒரு பிடி. பேந்து ஒண்டுமில்லை. அப்பிடியே கிடக்கேக்கை ஆரோ கூப்பிடுறாங்கள். என்ர பேரைச் சொல்லி. பொம்பிளைக் குரலுகள். மரியாதையாக் கூப்பிட்டாளவை, விடாமல் கூப்பிட்டாளவை. உப்பிடிக் கூப்பிட்டால் மனிசன் எழும்பாமல் என்ன செய்யிறது?"

"அவை கூப்பிட்டது உங்களை இல்லை. உங்கட மகனை."

"அப்ப அவன்ர பேரையெல்லோ சொல்லவேணும்."

"கடதாசியில உங்கட பேர்தான் முன்னுக்குக் கிடந்தது."

"அது என்ர பிழையோ பிள்ளை?"

சட்டிக்குள் ஒரு துளி விழுந்தது. அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அவர் எங்கை?"

அவர் தன் நெஞ்சைக் காட்டவில்லை, தலையைக் காட்டவில்லை. தனக்குப் பின்னால் ஒரு தூரத்தைக் காட்டுவதுபோலத் தோளுக்கு மேலால் கையை அசைத்தார். "கிடக்கிறான். கயிறு அறுந்து கிணத்துக்குள்ள விழுந்த வாளிமாதிரி. மேல நிண்டு பாத்தால் தெரியுது. நானும் கூப்பிட்டன். தகப்பன் கூப்பிட்டு எந்தப் பெடியன் வந்தவன்?" சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். "நீ ஒருநாளெண்டாலும் கூப்பிட்டனியே?"

அவள் யோசித்தாள். கிடங்கு மேற்பார்வையாளனுக்கு அவன் ராஜசிங்கம். நேர்ஸ்மாருக்கும் கந்தோர்ப் பெண்ணுக்கும் ராஜசிங்கம். குகநாதனுக்கு மச்சான், டேய். அவளுக்கு இஞ்சேருங்கோ. புருஷன் பெயரைச் சொல்வது அவள் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம். கந்தோர்களில் பெயர் கேட்டால் கடதாசியை நீட்டுவாள். அந்த மனிதனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி இந்த நாட்டில் யாரும் கூப்பிட்டதே இல்லை.

"அவற்ற பேரை நான் எப்பிடி மாமா..."

"என்ர பேரைச் சொல்லி நாடே கூப்பிடுது, நான் பொறுத்துக்கொண்டிருக்கிறன். வெக்கப்படாமல் கூப்பிடு."

"கூப்பிட்டால் நீங்கள்?"

"கதிரை ஒண்டுதானே கிடக்கு. அவன் வந்தால் நான் எழும்பவேணும்."

கையெழுத்துக்காகத்தான் அவள் வந்தாள். இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவளுக்குக் கூப்பிட மனம் வரவில்லை. இந்த ஊரில் அவளுக்குச் சோறு மூடி வைத்த ஒரே மனிதர் இவர். கிடங்கில் அடிபட்டவனை அவளுக்குத் தெரியாது. ஒரு படத்தில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ மாமா," என்றாள்.

புட்டுக்கு வறுத்த கோதுமை மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தாள். தகர ரின் பேணியின் விளிம்பால் கொத்தினாள். தேங்காய்ப்பூ இங்கே காய்ந்த பூதான், பாலில் ஊறவைத்துச் சேர்த்தாள். அது அவியும் நேரத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டு முட்டையைப் பொரித்தாள். ஆவியில் ஜன்னல் மங்கிப்போனது. மணிக்கூட்டை அவள் பார்க்கவில்லை, ஆனால் அதன் சத்தம் கேட்டது. அவர் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து, குழல் புட்டை உதிர்த்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

"மாவைக் கொஞ்சம் கூட வறுத்திருக்கலாம்."

"அடுத்தமுறை வறுக்கிறன்," என்றுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கைகழுவி வந்து ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். "பெடியன் நல்லவன். கொஞ்சம் சோம்பேறி. பாத்துக்கொள். சரி பிள்ளை, நான் போறன்."

வெளிக்கிடுகிற எவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். போட்டு வாறன் என்றுதான் சொல்வார்கள். சின்னப்பிள்ளை வாய்தவறிச் சொன்னால்கூடத் தாய் திருத்துவாள். ஞானேஸ்வரி திருத்தவில்லை.

"தவராஜா," என்றாள். அது மூச்சாகத்தான் வந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"தவராஜா."

சூடாக்கிக்குள் தண்ணீர் ஒருமுறை தட்டியது. எங்கோ கீழே குழாயில் அதற்குப் பதில்போல இன்னொரு தட்டு. அவள் எழும்பி நின்று, தெருவில் போகிறவனைக் கூப்பிடுவதுபோல, ஊரில் அடிவாங்கித் தந்திருக்கக்கூடிய குரலில் கத்தினாள்.

"தவராஜா!"

தலை முன்னால் விழுந்தது. தோள்கள் இறங்கின.  பிறகு ஒரு நீண்ட மூச்சு வந்தது, திருகைத் திறந்தால் வருமே, அப்படி. தலை நிமிர்ந்தது. அதே முகம்தான், அதே மயிர், நெற்றியில் அதே தழும்பு. ஆனால் அந்தக் கண்கள் அவளைப் பார்த்த விதத்தில் அவள் கை தானாக மேற்சட்டையின் பொத்தானைத் தேடியது. முதல் தடவையாக அந்த வீட்டில் ஒரு ஆம்பிளையோடு தனியே நிற்பது போலிருந்தது.

"நீங்கள் ஆர்?" என்று அவன் கேட்டான்.

"ஞானேஸ்வரி."

"எந்த ஞானேஸ்வரி?" நெற்றியைத் தடவினான். "அம்மா படம் அனுப்பின... அந்தப் பிள்ளையோ? எப்ப வந்தனீங்கள்? இது ஆற்ற வீடு? குகநாதன் எங்கை? அடுக்குச் சரிஞ்சது, நான் விலத்தினனான்..."

"விலத்தேல்லை. அது நடந்து ஒரு வருசத்துக்கு மேல. இது உங்கட வீடு. எல்லாம் ஆறுதலாச் சொல்லுறன். முதல்ல இதில கையெழுத்து வையுங்கோ. கந்தோர் பூட்டப்போகுது."

அவன் கடதாசியைக் கிட்டப் பிடித்து வாசித்தான். உதடு அசைந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்றான்.

"எங்களுக்குக் கலியாணம் எழுதியாச்சோ?"

"ஓம்."

"நான் ஓம் எண்டு சொன்னனானோ?"

பதிவுக் கந்தோரில் கேள்வி கேட்ட மனிதன் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஓம் எண்டு ஒரு குரல் சொன்னது," என்றாள்.

அவன் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தான். கிறுக்கலான, அவசரக் கையெழுத்து. பிறகு கடதாசியை அவள் பக்கம் திருப்பி, விரலால் கீழ்க்கோட்டைக் காட்டினான். "இதில நீங்கள். விருப்பமில்லாட்டி வைக்கவேண்டாம். எனக்கு ஒண்டும் தெரியாமல் உங்களைக் கட்டிப்போட்டன்."

அவளுடைய விருப்பத்தை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, தாயோ, தமையனோ, பதிவுகாரனோ. யோசிக்க நேரமும் இருக்கவில்லை. வைத்தாள்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோதுதான் அந்த நினைப்பு வந்து அவளைப் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் இருப்பாள். நல்ல பெண். மரியாதை தெரிந்தவள். இரண்டு பேரும் முன்னால் போய் நின்றதும், கடதாசியைப் பார்த்து, வாய் நிறைய, ஹெர் ராஜசிங்கம் என்று, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

படிக்கட்டு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைகிற விளக்கு. அவனுக்கு அதைப் போடுகிற ஆளி எங்கே என்று தெரியவில்லை, எத்தனை மாடி என்றும் தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். சூடான கை, அவளுக்குப் பழக்கமில்லாத கை.

"தவராஜா," என்றாள், முதல் திருப்பத்தில்.

"ஓம்?"

"ஒண்டுமில்லை. நான் கூப்பிடக் கூப்பிட ஓம் எண்டு சொல்லிக்கொண்டு வாங்கோ. அங்கை ஆர் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதேங்கோ. நான் கூப்பிட்டால் மட்டும் திரும்புங்கோ."

"ஏன்?"

"பேந்து சொல்லுறன். தவராஜா."

"ஓம்." இந்தமுறை அவன் குரலில் சிரிப்பு இருந்தது.

அடுத்த திருப்பத்தில் விளக்கு அணைந்தது. ஆளிக்காகச் சுவரைத் தடவ அவளுக்கு ஒரு கை இல்லை. ஒன்றில் கடதாசி, ஒன்றில் அவன். இருட்டிலேயே காலால் படியைத் தேடித் தேடி இறங்கினாள். கீழ்க்கதவின் கண்ணாடியில் புகார் வெளிறித் தெரிந்தது. சுவருக்குள் எங்கோ குழாய் தட்டியது.

"தவராஜா," என்றாள்.

பதில் வரவில்லை. கை மட்டும் அவள் கைக்குள் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், அடுத்த படியில் கால் வைக்காமல், அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.